புதுக் கம்ப்யூட்டரில் டிஸ்க் டிரைவ் வேண்டுமா?



சில மாதங்களாக நம் சங்கத்து உறுப்பினர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், துவரை என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் "கம்ப்யூட்டர் மாற்றியாகிவிட்டதா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். காரணம் எல்லோரும் அறிந்ததுதான். விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நம் கடைகளில் இருக்கும் பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறுவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கு என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது நம் நிலைமை.

நானும் வாங்கப் போனேன். விலைப்பட்டியலைப் பார்த்தேன், பெட்டியையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். சி.டி. போடுகிற தட்டைக் காணோம். கடைக்காரத் தம்பியைக் கேட்டேன். "அண்ணாச்சி, இப்ப யாரு அதைக் கேக்குறா? கேபினெட்லயே அதுக்கு இடம் விடுறதில்லை. பென் டிரைவ் இருக்கு, கிளவுட் இருக்கு. அதெல்லாம் பழசு அண்ணாச்சி" என்றார். கூட வந்திருந்த என் மகனும் தலையை ஆட்டினான்.

இதைச் சங்கத்தில் நாலு பேரிடம் சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது. "டிரைவ் இல்லாத பெட்டியை வாங்கவே கூடாது, கூடக் காசு கொடுத்தாவது உள்ளே வைத்துத் தரச் சொல்ல வேண்டும்" என்றார்கள் சிலர். மற்றவர்களோ பழைய பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டபோது, அதோடு சேர்த்து பத்து வருஷத்து சி.டி.க்களையும் ஒரு சாக்கில் கட்டிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இரண்டாவது தவறு மிகவும் பெரியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் படித்தது பழைய பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். கம்ப்யூட்டர் நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் மதுரை கீழமாசி வீதியில் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரத்தில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தவன். ஏட்டுக் கணக்கு, பிளாப்பிக் கணக்கு, சி.டி. கணக்கு எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அவற்றில் எது கை கொடுத்தது, எது காலை வாரியது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் 1996-இல் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வந்தது. அப்பா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார், மாலை போட்டார். ஆனால் பேரேடு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. "மிஷின்ல இருக்கிறது உன் கணக்கு, ஏட்டுல இருக்கிறது என் கணக்கு" என்பார். 1999-இல் அவர் காலமாகும் வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. அந்த நாளில் கணக்கைப் பிரதி எடுப்பது பிளாப்பியில்தான். ஒரு பிளாப்பி பிடிப்பது 1.44 எம்.பி. வருஷக் கணக்கை நாலைந்து பிளாப்பியில் பிரித்து ஏற்ற வேண்டும். அதில் மூன்றாவது பிளாப்பி கெட்டால் மொத்தமும் போச்சு. மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். என்னிடம் பரணில் இன்னும் நாற்பது பிளாப்பி இருக்கிறது. ஒன்றையும் திறக்க முடியவில்லை. அப்பா 1961-இல் எழுதிய பேரேட்டைச் சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். மை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த ஊர்க் கடைக்கு எத்தனை மூட்டை போனது, எப்போது பணம் வந்தது என்று வரி வரியாகப் படிக்கலாம்.

பிளாப்பி தானாகச் சாகவில்லை, கம்பெனிக்காரர்கள் முதலில் அதைக் கழற்றினார்கள். 1998-இல் ஆப்பிள் கம்பெனி ஐமேக் என்ற கம்ப்யூட்டரைப் பிளாப்பி டிரைவ் இல்லாமலேயே விற்றது. சோனி கம்பெனி 2011 மார்ச்சோடு ஜப்பானில் பிளாப்பி விற்பதை நிறுத்தியது. சி.டி. டிரைவுக்கும் அதே கதைதான். 2008 ஜனவரியில் ஆப்பிள் முதலாளி ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் ஆபீஸ் கவருக்குள் இருந்து ஒரு லேப்டாப்பை உருவி மேடையில் காட்டினார். அந்த மாக்புக் ஏரில் டிஸ்க் டிரைவ் கிடையாது. அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாம் பிறகு ஒவ்வொருவராக அதே வழிக்கு வந்தார்கள். நம்மைக் கேட்டுக்கொண்டு இதையெல்லாம் செய்ய மாட்டார்கள். ஆனால் பழைய சாதனத்தை விட்டு வெளியே வருவது நம் ஒருவருக்கு மட்டும் சிரமம் என்று நினைக்க வேண்டாம். பிளாப்பியில் கொண்டுவந்து தாக்கல் செய் என்று சொன்ன அரசாங்க விதிகளை ஜப்பான்காரர்களே 2024-இல்தான் ஒழித்தார்கள்.

சரி, இன்றைக்கு நம் கடையில் டிஸ்க் டிரைவுக்கு என்ன வேலை இருக்கிறது? முன்பு கணக்கு புரோகிராம் சி.டி.யில் வரும், பின்னால் சொருக ஒரு பூட்டுக் கட்டையும் வரும். இப்போது எல்லாம் இன்டர்நெட்டில் இறங்குகிறது. விண்டோஸையே பென் டிரைவில் இருந்து ஏற்றிவிடுகிறார்கள். பில் அடிக்கும் பிரின்டர் வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி சி.டி. இன்னும் கிடக்கிறது. அதில் உள்ளதே கம்பெனியின் வெப்சைட்டிலும் கிடைக்கும். ரிட்டர்ன் போடும் டிஜிட்டல் கையெழுத்துக் குச்சிக்கும் சி.டி. வேண்டாம். காலையில் கடை திறந்தவுடன் பக்திப் பாட்டு போடுவதற்குக்கூடப் பையன்கள் செல்போனைத்தான் எடுக்கிறார்கள். ஆகப் புரோகிராம் ஏற்றுவதற்காக டிரைவ் வேண்டும் என்பவர்கள் பேச்சில் இன்றைக்குச் சத்து இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது மளிகைக்காரர்களுக்கும் மண்டிக்காரர்களுக்கும் மட்டும் உள்ள பிரச்சினை. டிரைவுக்குள் சிறிய கண்ணாடி வில்லை ஒன்று இருக்கிறது. அதன் வழியாக விழும் ஒளியில்தான் டிஸ்க்கைப் படிக்கிறது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் காற்றாடி சுற்றச் சுற்ற, கிடைத்த இடுக்கு வழியெல்லாம் வெளிக்காற்றை இழுக்கும். நம் கடைக் காற்றில் என்ன இருக்கிறது? வத்தல் நெடி, மல்லித் தூசி, மாவு, சாக்கு நார். தும்மாமல் ஒரு பில் போட முடியாத இடத்தில் அந்த வில்லை எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்? எங்கள் கடையில் மூன்று டிரைவ் கெட்டது. மூன்றுமே உபயோகித்துக் கெடவில்லை, உபயோகிக்காமல் தூசி அடைந்துதான் கெட்டன. ஆத்திர அவசரத்துக்குத் தட்டை வெளியே இழுத்தால் மிளகாய் விதை உட்கார்ந்திருக்கும். ஆகவே பெட்டிக்கு உள்ளே டிரைவ் வைக்கக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் கடைக்காரத் தம்பி சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "அதெல்லாம் பழசு" என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். ஒன்று என் கடையில் நடந்தது, மற்றது பக்கத்தில் நடந்தது.

2018-இல் எங்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. வாட் வரி போய் ஜி.எஸ்.டி. வந்து ஒரு வருஷம் ஆகிவிட்ட சமயம். நோட்டீஸோ 2012-13 வருஷத்துக் கணக்குக்கு. நாங்கள் வாங்கியதாகக் காட்டி உள்ளீட்டு வரி எடுத்திருந்த சரக்கை, விற்றவர் தன் கணக்கில் எங்கள் பெயரில் காட்டவில்லையாம். வரி 84 ஆயிரம் சொச்சம், அதன்மேல் அபராதம். அந்தக் காலத்தில் இந்த மாதிரி 'பொருந்தவில்லை' நோட்டீஸ் வாங்காத மொத்தக் கடை நம் வீதியில் குறைவு. பேப்பர் பில்லைத் தேடினோம். குடோன் ஓடு ஒழுகி அந்த வருஷத்துக் கட்டு முழுவதும் அப்பளமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. கம்ப்யூட்டரில் தேடினோம். பழைய பெட்டி எரிந்துபோய், மகன் புது லேப்டாப் வாங்கியிருந்தான். அதில் இரண்டு வருஷக் கணக்குதான் இருந்தது.

நல்ல காலமாக நான் வருஷா வருஷம் மார்ச் முடிந்ததும் கணக்கை இரண்டு சி.டி.யில் ஏற்றி, ஒன்றைக் கடை மேஜையிலும் ஒன்றை வீட்டு இரும்புப் பெட்டியிலும் வைக்கிற பழக்கம் உள்ளவன். சி.டி. இருக்கிறது, படிக்க லேப்டாப்பில் டிரைவ் இல்லை! இரண்டு நாள் அலைந்தோம். கடைசியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் டி.வி.டி. எழுதும் மிஷின் இருந்தது. கடை மேஜை சி.டி.யைப் போட்டோம், படிக்கவில்லை. அதன் மேல்பக்கத்தில் "12-13 கணக்கு" என்று பால் பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதி வைத்திருந்தேன். ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, "எழுதுறதே தப்பாச்சே அண்ணாச்சி" என்றார். சி.டி.யில் விஷயம் பதிவாகும் படலம் நாம் நினைப்பதுபோல் பளபளக்கும் அடிப்பக்கத்தில் இல்லை, பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அடியில் லேசாகக் கீறல் விழுந்தால் தப்பிக்கலாம், மேலே பேனா முனை குத்தினால் தப்ப முடியாது. டி.வி.டி.யில் அந்தப் படலம் இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கிறதாம், அதனால் இந்த ஆபத்து குறைவு.

வீட்டுப் பெட்டியில் இருந்த சி.டி. படித்தது. ஆனால் பழைய புரோகிராமில் போட்ட கணக்கு புதிய புரோகிராமில் அப்படியே திறக்கவில்லை. ஆடிட்டர் ஆபீசில் பழைய புரோகிராம் ஏற்றிய ஒரு பெட்டி இருந்ததால் பிழைத்தோம். பில் எண், தேதி, லாரி எண், கொடுத்த செக் எண் எல்லாம் கிடைத்தது. பார்த்தால் தவறு எங்கள் பக்கம்தான். ரிட்டர்னில் விற்றவரின் டின் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தான் எங்கள் பையன். பில் எண்ணையும் செக் எண்ணையும் காட்டியதும் விற்றவர் கடிதம் கொடுத்தார், நோட்டீஸ் முடிந்தது. பத்து ரூபாய் சி.டி.!

இரண்டாவது சம்பவம் 2021-இல் எங்களுக்கு நாலு கடை தள்ளி உள்ள ஒரு மொத்தக் கடையில் நடந்தது. ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் எந்தக் கணக்கும் திறக்கவில்லை. பணம் கட்டினால் பூட்டைத் திறப்போம் என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு மட்டும் திரையில் நின்றது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ஒன்று இப்படித்தான் உலகம் முழுவதும் ஆஸ்பத்திரி, கம்பெனி என்று பார்க்காமல் பூட்டியது நினைவிருக்கும். அந்த ஜாதிதான் இதுவும். அவர் கவனம் இல்லாதவர் அல்ல. தினமும் கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுப்பவர். ஆனால் அந்தப் பென் டிரைவ் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகியிருந்தது. வந்த திருடன் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான்.

அவருக்கு விற்பனைக் கணக்கு திரும்பக் கிடைத்தது. ஜி.எஸ்.டி. தளத்தில் நாம் ஏற்றிய பில் விவரம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டார். ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு? அது எந்த அரசாங்கத் தளத்திலும் கிடையாது. யாருக்கு எவ்வளவு விற்றோம் என்பது டெல்லிக்குத் தெரியும், அவர் பணம் கட்டினாரா இல்லையா என்பது நம் பற்று வரவுக்கு மட்டும்தான் தெரியும். வங்கி மூலம் வந்ததைப் பாஸ்புத்தகத்தில் பார்க்கலாம். வாரா வாரம் வசூலுக்குப் போகிற பையன் ரொக்கமாக வாங்கி வந்ததை எதில் பார்ப்பது? மனிதர் ஊர் ஊராகப் போனார். பெரும்பாலான கடைக்காரர்கள் தாங்களாகவே பாக்கியைச் சொன்னார்கள், அந்த நாணயத்தால்தான் நம் தொழில் இன்னும் நிற்கிறது. சிலர் "போன மாசமே கட்டிட்டேனே அண்ணாச்சி" என்றார்கள். இல்லை என்று சொல்ல இவரிடம் என்ன ஆதாரம்? மூன்று லட்சத்துக்கு மேல் அப்படியே நின்றது. பணத்தைவிட, முப்பது வருஷம் பழகிய இரண்டு வாடிக்கைக்காரர்களோடு முகம் முறிந்துபோனதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். அவர்கள் உண்மையிலேயே கட்டியிருக்கலாம், அதுவும் தெரியாது.

இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் யோசித்தேன். பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சிலேட்டு. எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். அது வசதிதான். ஆனால் நாம் அழிக்கிற வசதி கடைப் பையனுக்கும் உண்டு, வைரஸுக்கும் உண்டு. 'ஆர்' என்று மட்டும் போட்டிருக்கும் சி.டி., டி.வி.டி. அப்படி அல்ல. அதில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் ஒளி அதைச் சுட்டு அடையாளம் போடுகிறது. சுட்டதைப் பச்சையாக்க முடியாது. அது மை. அப்பா எழுதிய பேரேட்டுக்கும் அதற்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை. நாம் சி.டி. டிரைவை வைத்திருந்தது புரோகிராம் ஏற்றத்தான். அதோடு அழிக்க முடியாத ஏடு ஒன்றும் நமக்குத் தெரியாமலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. டிரைவ் போகும்போது அதுவும் சத்தமில்லாமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்கு அந்தக் கடைசித் தேதி 31.12.2024, ஆக 31.12.2030 வரை அந்தக் கணக்கு நம் கையில் இருந்தாக வேண்டும். அப்பீல் நடந்துகொண்டிருந்தால் இன்னும் நீளும். விதி 56-இல், கணக்கில் பதிந்ததை அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது, கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால் திருத்தியதற்கும் நீக்கியதற்கும் தடம் இருக்க வேண்டும் என்று உள்ளது. விதி 57 கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான பிரதி வைக்கச் சொல்கிறது. விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. எதில் பிரதி வைப்பது என்று சட்டம் சொல்லவில்லை. 'பென் டிரைவ் கெட்டுப்போச்சு சார்' என்பதை மன்னிப்பதாகவும் சொல்லவில்லை.

என் மகன் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறான். "எல்லாம் கிளவுடில் இருக்கிறது அப்பா, கடையே தீப்பிடித்தாலும் கணக்கு பத்திரம்" என்கிறான். அது உண்மைதான், மறுக்கவில்லை. தீக்கும் வெள்ளத்துக்கும் அதைப்போல் பாதுகாப்பு கிடையாது. அவனும் வைத்திருக்கிறான், வைத்திருக்கட்டும். ஆனால் நம் கடைகளில் அதை யார் ஏற்படுத்தித் தருகிறார்கள்? பில் போடும் பையன் தன் செல்போன் எண்ணில், தன் பெயரில் ஏற்படுத்துகிறான். அவன் வேறு கடைக்குப் போனதும் பாஸ்வேர்டும் போகிறது. வருஷச் சந்தா கட்ட மறந்துவிடுகிறோம். கம்ப்யூட்டரில் உள்ளதை அப்படியே பிரதிபலிக்கும் ஏற்பாடாக இருந்தால், இங்கே பூட்டினது அங்கேயும் பூட்டினதாகவே போய்ச் சேரும். ஆகவே கிளவுட் வையுங்கள். ஆனால் முதலாளி பெயரில், முதலாளி செல்போன் எண்ணில் வையுங்கள். அதோடு நிறுத்தவும் வேண்டாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன், பிடித்தால் நீங்களும் செய்யலாம். டிரைவ் இல்லாத பெட்டியையே வாங்கினேன். தனியாக யு.எஸ்.பி. வயரில் சொருகும் டி.வி.டி. எழுதும் டிரைவ் ஒன்று இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். நம் கைப் பேரேட்டு அளவுகூட இல்லை. அதைக் கடையில் வைப்பதில்லை. மஞ்சள் பையில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். மாதம் முடிந்ததும் ஒரு நாள் கொண்டுவந்து கணக்கை ஏற்றிவிட்டுத் திரும்ப எடுத்துப்போகிறேன். வருஷத்தில் பன்னிரண்டு நாள்தான் வத்தல் தூசியைப் பார்க்கிறது.

ஏற்றும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: பென் டிரைவ் மாதிரி உபயோகிக்கப் போகிறீர்களா, சி.டி., டி.வி.டி. பிளேயரில் போடப் போகிறீர்களா என்று. இரண்டாவதைச் சொல்ல வேண்டும். டிஸ்க் வாங்கும்போது 'ஆர்' என்று மட்டும் போட்டிருப்பதை வாங்க வேண்டும், 'ஆர்.டபிள்யூ' என்றால் அது அழிக்கக்கூடியது, நமக்கு ஆகாது. ஒரு டி.வி.டி. பிடிப்பது 4.7 ஜி.பி.; எங்கள் கடையின் வருஷக் கணக்கு அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. தேதியை நடுவில் கண்ணாடிபோல் இருக்கும் வளையத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி, நானும் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போடுகிறோம். ஏற்றி முடித்ததும் வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறோம். மார்ச் மாதக் கணக்கு மட்டும் இரண்டு பிரதி.

2018-இல் பட்ட பாட்டினால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. கணக்கு புரோகிராமின் கோப்பை மட்டும் வைத்தால் போதாது. பேரேடு, நாட்குறிப்பு, சரக்கு இருப்பு, ஐந்தொகை எல்லாவற்றையும் பி.டி.எப். ஆகவும் எடுத்து அதே டிஸ்க்கில் போடுகிறோம். புரோகிராம் மாறினாலும் கம்பெனி மாறினாலும் படிக்கலாம். பற்று வரவு பாக்கிப் பட்டியலை மட்டும் மாதம் ஒரு முறை காகிதத்திலேயே அச்சடித்துக் கோப்பில் குத்துகிறோம். கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "பெரிய முதலாளி வழிக்கே வந்துட்டீங்க" என்றார்.

டிஸ்க் என்றென்றும் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மட்டமான டிஸ்க் வெயிலில் கிடந்தால் சில வருஷத்தில் வெளுத்துப் போகும். கடையில் எழுதும் டிஸ்க் கிடைப்பதும் வரவரக் குறையும். சோனி கம்பெனி எழுதக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பதை 2025 பிப்ரவரியோடு முடித்துக்கொண்டது. டி.வி.டி.க்கும் அந்த நாள் வரத்தான் செய்யும். அப்போது மையால் எழுத வேறு என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவசரம் வேறு. நம் பரணிலும் பீரோவிலும் கிடக்கும் பழைய சி.டி.க்களைப் படிக்கும் மிஷின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பெட்டியை மாற்றுகிற இந்த மாதங்களிலேயே, பழைய பெட்டியில் டிரைவ் ஓடும்போதே, அந்தக் கணக்குகளையெல்லாம் வெளியே எடுத்துப் புது ஹார்ட் டிஸ்க்கிலும் புது டி.வி.டி.யிலும் ஏற்றிவிட வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ள வருஷம், பங்காளி பிரிந்த வருஷம், கடை பெயர் மாறிய வருஷம், இவற்றை முதலில் எடுங்கள். பிளாப்பி விஷயத்தில் நாளைக்குப் பார்க்கலாம் என்றே நான் இருந்துவிட்டேன். அப்பா இருந்த கடைசி மூன்று வருஷத்து மிஷின் கணக்கு என்னிடம் இல்லை.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாச் சிறு கடைக்காரர்களும் ஆளுக்கு ஒரு டிரைவ் வாங்க வேண்டியதில்லை. சங்க அலுவலகத்தில் வெளியில் சொருகும் டிரைவ் ஒன்று, பழைய பிளாப்பி படிக்கும் டிரைவ் ஒன்று வாங்கி வைக்கலாம். செயலாளர் அறையில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது. உறுப்பினர்கள் தங்கள் ஆளையே கூட்டி வந்து, தங்கள் கண் முன்னால் கணக்கைப் பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். சங்கத்தில் யாரும் அதைப் பார்க்கவோ வைத்துக்கொள்ளவோ வேண்டியதில்லை. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி கேட்டிருக்கிறேன்.

அதுவரை என்னுடைய டிரைவ் இருக்கிறது. மாதக் கடைசியில் மட்டும் எனக்கு வேண்டும். மற்ற நாளில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வியாபாரம் அடங்கியபின் கடைக்கு வந்தால் தருகிறேன். லேப்டாப்பும் காலி டிஸ்க்கும் நீங்கள் கொண்டுவர வேண்டும். பழைய சி.டி.யைத் துடைக்க வேண்டுமென்றால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய துணியால் துடைத்துக் கொண்டுவாருங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள், தோளில் கிடக்கும் துண்டாலும் துடைக்காதீர்கள்.